ஒரே ஊசியில் இரண்டு சீட்டு

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். பழைய சண்டைக்காக எழுதவில்லை, அலுவலக வேலைக்காக எழுதுகிறேன்.

நீ டிக்கெட் கொடுக்கும் குகையின் வாயில் சிமெண்ட் தரை போடப் போகிறார்களாம். அதற்கு முன் அங்கே முக்கியமான பூச்சி ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் அருங்காட்சியகத்தைக் கேட்டிருக்கிறார்கள். குகை வாய்களைச் சுற்றியே வாழும் ஒரு குழியானைப் பேரினம் உண்டு. அது இருந்தால் மண்ணை மூடக் கூடாது. நான் நேரில் வர அனுமதி கிடைப்பதற்குள் வேலையே முடிந்துவிடும். தினமும் அங்கே நிற்பவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார்.

படிவம் இணைத்திருக்கிறேன். மழை படாத மண்ணில் பார்க்கவும். இருக்கிறது அல்லது இல்லை என்று குறித்து, பத்து நாளுக்குள் உங்கள் இன்ஜினியரிடம் கொடுத்துவிடு.

போனில் சொல்லியிருக்கலாம். குகைப் பக்கம் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும்.

அக்கா


பிப்ரவரி 13

மதிப்புக்குரிய பூச்சிப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி. அரை வரியானாலும் விசாரித்தீர்கள்.

தாங்கள் சொன்ன வேலையை முடித்துவிட்டேன். நான்கு நாள் பார்த்தேன். கடைசிக் கூட்டம் போன பிறகு, கையில் டார்ச்சோடு, முட்டி போட்டுக்கொண்டு, வலது பாறையிலிருந்து இடது சுவர் வரைக்கும் ஒரு சாண் விடாமல் பார்த்தேன். குழியானை தோண்டுகிற சின்னப் புனல் குழி குகை வாய்க்குள் ஒன்றுகூட இல்லை. என் டிக்கெட் கூண்டுக்குக் கீழே வெளியில் இருபது முப்பது குழி இருக்கிறது, அது எல்லா ஊரிலும் இருக்கும் சாதாரண வகை என்று எனக்கே தெரியும். உள்ளே மண் மாவு மாதிரி வழவழவென்று கிடக்கிறது. "இல்லை" என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, இன்ஜினியர் கையில் கொடுத்தாயிற்று.

அவருக்கு ஒரே சந்தோஷம். தரை வேலை முடிந்தால் குகைக்கு இரண்டு நிரந்தர வேலை வருகிறது. பதினோரு வருடமாகத் தற்காலிகமாகவே நிற்கிற என் பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்கிறது என்றார். ஆகவே தங்கள் படிவத்தால் எனக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது.

தாங்கள் எழுதாத விஷயத்தை நானே எழுதிவிடுகிறேன். நான்கு வருடம் முன்னால் இதே குகைச் சுவரில் தட்டான் மாதிரி ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. நுனி தடித்த மீசை. பிடித்துத் தீப்பெட்டியில் வைத்து உங்களுக்கு அனுப்பினேன். "அருமையான பூச்சிடா, இங்க ஒண்ணுகூட இல்ல" என்று போனில் குதித்தீர்கள். ஒரு மாதம் கழித்து, என் மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். மாமியாரிடம் வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசியில் குத்தியிருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தார். பிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

"மாப்பிள்ளை, உங்க பேரு எங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் மழை பெய்கிறது என்றாலும் அவர் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்.

இப்படிக்கு,
டிக்கெட் கொடுப்பவன்


பிப்ரவரி 17

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நீ குழியைத் தேடினாயா?

இந்த வகை குழி தோண்டாது. குழியானை என்ற பெயர் பொதுப் பெயர். கூண்டுக்குக் கீழே நீ பார்த்தது குழி தோண்டும் வகை. குகையருகே வாழ்வது மண்ணுக்கு அடியில் அரை விரற்கடை ஆழத்தில் சும்மா படுத்திருக்கும். மேலே எந்த அடையாளமும் இருக்காது. எறும்போ சிலந்தியோ தலைக்கு மேலே நடந்தால் பிடித்துக்கொள்ளும். மாவு மாதிரி மண் என்று எழுதியிருக்கிறாய். அது விரும்புவது அந்த மண்ணைத்தான்.

தப்பு என்னுடையது. முதல் கடிதத்தில் இதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். உன்னிடம் நீளமாக எழுத வீம்பு இடம் கொடுக்கவில்லை. முப்பது வருடமாக இதையே படிக்கிறவளுக்கு, மற்றவர்கள் குழியைத் தேடுவார்கள் என்பதும் தோன்றவில்லை.

நீ தீப்பெட்டியில் அனுப்பியது இதே பேரினத்தின் வளர்ந்த பூச்சி. அது அந்தச் சுவரில் இருந்தது என்றால் அதன் குஞ்சு அந்த மண்ணில் இருந்திருக்கிறது. அந்த ஒரு பூச்சியைக் காட்டியே வேலையை நிறுத்தச் சொல்லலாம். என்னால் காட்ட முடியவில்லை. சீட்டில் பிடித்தவர் என்று என் பெயர் இருக்கிறது. நான் அந்தக் குகைக்கு வந்ததே இல்லை. அன்றைய தேதியில் வருகைப் பதிவேட்டில் இங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாராவது ஒத்துப் பார்த்தால் சீட்டு பொய் என்று தெரிந்துவிடும். பொய்ச் சீட்டுள்ள பூச்சி எதற்கும் சாட்சி ஆகாது.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீ அன்றைக்குக் கேட்டாய், கண்ணாடிப் பெட்டி முன்னால் கத்தியபடி. நான் பதில் சொல்லவில்லை. உன் பெயரைப் போட்டால், அனுமதி இல்லாமல் குகையில் பூச்சி பிடித்தவன் யார் என்று விசாரணை வரும், உன் வேலை போகும் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதி, பூச்சிகள் வைக்கும் எங்கள் இழுப்பறைகளில் என் பெயர் போட்ட பூச்சி அதுவரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் யார் யாரோ பிடித்தது. நான் ஊசி குத்துகிறவள். ஆசைப்பட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியது: டீ வடிகட்டி ஒன்று எடுத்துக்கொள். சுவர் ஓரத்து மண்ணை மேலாக அள்ளிச் சலி. மிஞ்சுவதை வெள்ளைத் தாளில் கொட்டு. எதுவும் அசையாது. இவை பயந்தால் செத்த மாதிரி கிடக்கும். பத்து நிமிடம் பொறுத்திரு. கிடைத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போடு, சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

நீங்கள், தாங்கள் என்றெல்லாம் எழுதாதே. படிக்கச் சகிக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

மரியாதை வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டாய். பிறகு வருத்தப்படாதே.

வீட்டிலிருந்த ஒரே வடிகட்டி மாமியாருடையது. கேட்காமல் எடுத்துப் போனேன். முதல் நாள் சலித்ததில் கல்லும் வௌவால் எச்சமும்தான். கொட்டிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. நான் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

மறுநாள் தாளில் கொட்டிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் ஒன்றுமில்லை. ஏழாவது நிமிடம், பருப்பு அளவு இருந்த ஒரு கல் பின்பக்கமாக நகர்ந்தது. உடம்பெல்லாம் மண் ஒட்டிக்கொண்டு, முன்னால் அரிவாள் மாதிரி இரண்டு தாடை. அக்கா, பதினோரு வருடமாக அந்த மண்மேல் நின்று "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். இது காலுக்குக் கீழே கிடந்திருக்கிறது.

மூன்று நாளில் பதினொன்று கிடைத்தன. மாமியாரின் காலி மாத்திரை டப்பாக்களில் ஒவ்வொன்றாகப் போட்டு அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் "இல்லை" என்று கையெழுத்துப் போட்டாயிற்று. மார்ச் 10ஆம் தேதி காலையில் கலவை வண்டி வருகிறது. இருக்கிறது என்று நான் சொன்னால் தரை வராது. தரை வராவிட்டால் அந்த இரண்டு வேலையும் வராது. வந்தாலும், பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் என்று என் பெயரை அடிப்பார்கள். சொல்லாமல் விட்டால் மண் மூடிவிடும். அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது.

உனக்கு என்ன, ஏசி அறையில் உட்கார்ந்து வடிகட்டி எடு, டப்பா எடு என்று எழுதிவிட்டாய். உன் பூச்சி எனக்குத்தான் குழி தோண்டியிருக்கிறது. ஒரு தடவை என் பூச்சியை எடுத்துக்கொண்டாய். இப்போது என் வேலையையும் கேட்கிறாயா? கோபமாகத்தான் எழுதுகிறேன்.

டப்பாக்களை உனக்கு அனுப்பட்டுமா வேண்டாமா, சொல்லு.

தம்பி


மார்ச் 1

தம்பி,

அனுப்பு என்று சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற உரிமையை நான்கு வருடம் முன்னாலேயே தொலைத்துவிட்டேன்.

என் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். நேற்று மேலாளரிடம் போய், சீட்டில் நான் எழுதியது பொய், பிடித்தது என் தம்பி என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை பூச்சிக்கு இப்படி எழுதின?" என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்றேன். "மத்ததையெல்லாம் யாரு நம்புவா?" என்றார். சாயந்தரம் மெமோ வந்தது. இந்த வருடம் பதவி உயர்வு கிடையாது. இழுப்பறைச் சாவிகளையும் வாங்கிக்கொண்டார். மாதக் கடைசிவரை ஒவ்வொரு சீட்டாகச் சரிபார்க்கப் போகிறார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள்.

அனுமதி விஷயத்தையும் கேட்டேன். குகையில் வேலை செய்கிறவர் கண்ணில் பட்டதை எடுத்துக் கொடுத்தால் குற்றம் இல்லையாம். நான் அன்றைக்கே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உன் பெயரைப் போட்டு உங்கள் இன்ஜினியருக்கு ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. பிடித்தவர் இவர், இடம் இது, தேதி இது, ஆகவே மண்ணை மூடக் கூடாது என்று. அதை அனுப்பினால், இல்லை என்று உன் கையெழுத்தும் உண்டு என்று என் கையெழுத்தும் ஒரே கோப்பில் இருக்கும். உன்னைத்தான் பொய்யன் என்பார்கள். அதனால் அனுப்பவில்லை. என் கைப்பைக்குள் இருக்கிறது. நீ சொன்னால் அனுப்புவேன். சொல்லாவிட்டால் பத்தாம் தேதிக்குப் பிறகு கிழித்துவிடுவேன், அதைப் பற்றி உன்னிடம் எப்போதும் பேச மாட்டேன்.

ஒன்று மட்டும். என்ன முடிவு செய்தாலும் டப்பாவுக்குள் இருப்பவற்றுக்கு மூன்று நாளுக்கு ஒரு எறும்பாவது போடு. பட்டினி தாங்கும்தான், ஆனாலும் போடு.

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதத்தை அனுப்பிவிடு. நான் அதற்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாமியார் மாத்திரை எடுக்க அலமாரியைத் திறந்திருக்கிறார். டப்பாவுக்குள் மண். "மாப்பிள்ளை, என்ன இது?" என்றார். சொன்னேன். வழக்கம் போல நம்பவில்லை. ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கால் மணி நேரம் பார்த்தார். "அசையவே இல்ல. வெறும் மண்ணைப் புடிச்சு வச்சுக்கிட்டு பூச்சிங்கிறீங்க" என்றார். நான் ஓர் எறும்பைப் பிடித்து உள்ளே விட்டேன். எறும்பு இரண்டு எட்டு வைத்தது. மண் அதைப் பிடித்துக்கொண்டது. மாமியார் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார்.

அப்புறம் டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இதை இல்லைன்னா எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா அத்தை. அப்ப தெரியாது."

"இப்பத் தெரியுமில்ல?"

கேட்டுவிட்டு டப்பாவை மேஜைமேல் வைத்தார். எழுந்து டீ போடப் போனார். வடிகட்டியைக் காணோம் என்று அங்கிருந்து சத்தம் போட்டார், அது வேறு கதை. என் மனைவியிடம் நிரந்தர வேலையைப் பற்றிப் பேசினேன். "பதினோரு வருஷம் இல்லாமத்தானே இருந்தோம்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் வாடித்தான் இருந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

காலையில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன்.

"இல்லைன்னு எழுதின. இப்ப இருக்குங்கிற. எதுய்யா உண்மை?"

"இருக்குங்கிறதுதான் சார் உண்மை. நான் குழியைத் தேடினேன். இது குழி தோண்டாத ஜாதி. தெரியாம எழுதிட்டேன்."

"பேசாம இருந்திருந்தா யாருக்குய்யா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார். அதுமேலதான தினம் நிக்கப்போறேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "இதையும் எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் என் பெயர் இருக்குமா என்று கேட்க வாய் வரவில்லை.

பத்து டப்பா கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கிறேன். பதினோராவதை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டேன். பின்பக்கமாகவே நடந்து மண்ணுக்குள் போய்விட்டது, ராஜாவுக்கு முதுகு காட்டாமல் போகிறவன் மாதிரி.

உனக்குக் கிடைத்த மெமோவைப் பற்றி வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

பத்தும் உயிரோடு வந்தன. ஒன்றின் தாடையில் எறும்புக் கால் அப்படியே இருந்தது.

சிமெண்ட் தரை ரத்து என்று எங்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. மண்ணைத் தொடாமல், இரும்புக் கால்மேல் மரப்பலகைப் பாதை போடுகிறார்களாம். உன் இரண்டாவது தாளின் நகலையும் வைத்திருந்தார்கள். முதல் படிவத்தை எடுக்கவில்லை, அதற்குப் பின்னால் இதைக் குத்தியிருக்கிறார்கள். நிரந்தர வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. என்ன ஆயிற்று என்று எழுது.

மேலாளர் சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்ததும் முதலில் நீ தீப்பெட்டியில் அனுப்பிய பூச்சியை எடுத்தேன். என் சீட்டைப் பிடுங்கிவிட்டு உன் பெயர் போட்டதைக் குத்தப் போனேன். மேலாளர் கையைப் பிடித்துவிட்டார். ஊசியில் ஒரு தடவை ஏறிய சீட்டை யாரும் எடுக்கக் கூடாது, தப்பானாலும். திருத்தத்தை அதற்குக் கீழே குத்த வேண்டும். இந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். என் விஷயத்தில் மறந்துவிட்டது.

ஆகவே மேலே என் பெயர் இருக்கிறது. கீழே, "மேற்படி சீட்டு தவறு. பிடித்தவர்" என்று எழுதி, அப்பாவின் முதலெழுத்தோடு உன் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். அச்சடிக்கவில்லை, என் கையெழுத்திலேயே எழுதினேன். போட்டோ வைத்திருக்கிறேன். நான் செத்த பிறகும் இரண்டும் அதே ஊசியில் இருக்கும். வருகிறவர்கள் என் பொய்யையும் படிப்பார்கள். முதலில் அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. இப்போது பரவாயில்லை.

உன் மாமியாரிடம் போட்டோவைக் காட்டு. பெரிதாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

தம்பி, நான் அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

அக்கா


மே 16

அக்கா,

நிரந்தர வேலை பலகைப் பாதைக்கும் வந்தது. இரண்டு இடம். ஒன்று வண்டி நிறுத்தத்தில் நிற்பவருக்கு, இன்னொன்று டார்ச் வாடகைக்குக் கொடுப்பவருக்கு. என் பெயர் இல்லை. இன்ஜினியர் என் கண்ணைப் பார்க்காமல் "அடுத்த தடவை பாக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வலிக்கவில்லை என்று எழுதினால் அதற்கும் ஒரு திருத்தச் சீட்டு குத்த வேண்டியிருக்கும். வலித்தது. வண்டி நிறுத்தத்துக்காரர் லட்டு கொடுக்கிற மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு திரிந்தபோது டிக்கெட் கட்டை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நீ அனுப்பிய சீட்டு போட்டோ மூன்றாம் நாள் வந்தது. மாமியார் பெரிதாக இருந்தும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேல் சீட்டைச் சத்தமாகப் படித்தார். கீழ்ச் சீட்டைச் சத்தமாகப் படித்தார், அப்பாவின் முதலெழுத்தோடு. மறுபடியும் மேலே, மறுபடியும் கீழே. பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு, "இவரு சொன்னது நெஜந்தாண்டி" என்றார். நான்கு வருடம், அக்கா. நான் குளிக்கிற மாதிரி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மேல் சீட்டு இருக்கட்டும். என் முதல் படிவமும் கோப்பில் அப்படியேதான் இருக்கிறது. நீ வேண்டாம் என்றாலும் மன்னித்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். நேற்று குகைச் சுவரில், பலகைப் பாதை முடிகிற இடத்தில், தட்டான் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. நுனி தடித்த மீசை. நான் விட்ட பதினோராவதா, வேறொன்றா தெரியாது. தீப்பெட்டி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இது உயிரோடு குகைச் சுவரில் இருப்பதை உன் கண்ணால் பார்க்காமலே முப்பது வருடம் இதைப் பற்றி எழுதியிருக்கிறாய். வந்து பாரு. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் மதியம் வந்துவிடலாம். மாமியாரும் கேட்டார், "அந்தப் பொய் சொன்ன அக்கா எப்ப வருவா?" என்று. கோபமாகக் கேட்கவில்லை. உன்னிடம் காட்ட அவர் ஏதோ வண்டு பிடித்து வைத்திருக்கிறார். தன் பெயரைச் சரியாக எழுத வேண்டுமாம்.

பாதை புதிதாகப் போட்டதிலிருந்து என்னிடம் ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். பலகையை விட்டு யார் கால் மண்ணில் பட்டாலும் ஊத வேண்டும். நீ வரும்போது பார்த்து நட. கால் வைத்தால் எல்லார் முன்னாலும் ஊதிவிடுவேன், அக்கா என்று பார்க்க மாட்டேன்.

தம்பி